இரண்டாவது கோர் எழும்போது ட்ரிப்பிள் ஃபால்ட்: சரிசெய்த விதம்

எக்ஸ்86 64-பிட் கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி). ப்ராசஸரின் இரண்டாவது கோரை எழுப்பியதும் க்யூஇஎம்யூ எமுலேட்டர் ரீசெட் ஆனது. கோரை எழுப்ப அனுப்பும் சிக்னலான ஸ்டார்ட்அப் ஐபிஐயின் 8-பிட் வெக்டர், அது தொடங்க வேண்டிய நினைவகப் பக்கத்தின் எண். 08 கொடுத்தால் கோர் ரியல் மோடில் (பழைய 16-பிட் நிலை) ஹெக்ஸ் 8000-இல் தொடங்கும். கோரை 64-பிட் நிலைக்குக் கொண்டுபோகும் சிறு தொடக்கக் கோடான ட்ராம்போலினும் அங்கேதான் இருந்தது. ஆனால் கர்னல் முகவரி வெளியின் மேல்பாதிக்குப் போனதும் கீழ்ப்பாதி மேப்பிங்கை நீக்கியிருந்தது. பேஜிங்கை (மெய்நிகர் முகவரிகளை நினைவக முகவரிகளாக மாற்றும் வசதி) இயக்கிய மறுகணமே அடுத்த கட்டளையை எடுக்க வழியில்லை. ஃபால்ட்டை யார் கையாள்வது என்று சொல்லும் ஐடிடி அட்டவணையும் அமைக்காத நிலை, நேரே ட்ரிப்பிள் ஃபால்ட்: கையாள வழியின்றி ரீசெட். க்யூஇஎம்யூவின் இன்டரப்ட் லாக்கில், ஃபால்ட் ஆன முகவரியைக் காட்டும் சிஆர்2 ரெஜிஸ்டரைப் பார்த்தாலே புரியும்.

அந்த ஒரு 4 கேபி பக்கத்தை மட்டும் அதே முகவரிக்கு மேப் செய்தேன். எல்லா கோர்களும் மேலே தாவியபின் நீக்கி, ஒவ்வொன்றிலும் டிஎல்பியை (பழைய மேப்பிங்கை நினைவில் வைக்கும் கேஷ்) துடைத்தேன்.

பேஜ் அட்டவணையின் முகவரியை வைக்கும் சிஆர்3 ரெஜிஸ்டரை 32-பிட் மோடில் ஏற்றுவதால், மேல்மட்டப் பேஜ் அட்டவணையான பிஎம்எல்4 4 ஜிபிக்குக் கீழே இருந்தாக வேண்டும். அட்டவணையில் என்எக்ஸ் பிட் (அந்தப் பக்கத்தில் கோடு இயங்கத் தடை) இருந்தால், இஎஃப்இஆர் ரெஜிஸ்டரில் அதை அனுமதிக்கும் என்எக்ஸ்இ பிட்டைப் பேஜிங்குக்கு முன்பே இயக்குங்கள். இல்லையேல் அது ரிசர்வ்டு பிட்டாகக் கருதப்பட்டு மறுபடி ஃபால்ட்தான்.