கேபிள் போட்டும் நெட் மெதுவாக வருகிறதா? முதலில் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள்

200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறீர்கள். மோடத்துக்குப் பக்கத்தில் நின்று போனில் வைஃபையில் பார்த்தால் 190 காட்டுகிறது. கேபிள் போட்ட டெஸ்க்டாப்பில் மட்டும் 94, 95-ஐத் தாண்டவே மாட்டேன் என்கிறது. இந்த எண்ணைப் பார்த்தால் கஸ்டமர் கேருக்குப் போன் போடாதீர்கள், புது ரூட்டரும் வாங்காதீர்கள். கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் ஏதோ ஒன்று, 1000-ல் ஓட வேண்டிய இணைப்பை 100-ல் ஓட்டிக்கொண்டிருக்கிறது. 100-ல் ஓடும் லைனில், ஒவ்வொரு பாக்கெட்டோடும் போகும் முகவரி விவரங்கள் போக மிஞ்சுவது அந்த 95 சொச்சம்தான்.

உறுதி செய்ய ஒரு நிமிடம் போதும். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், ஈத்தர்நெட் என்று போங்கள். 'லிங்க் ஸ்பீடு' என்ற வரியில் 1000/1000 இருக்க வேண்டும். 100/100 என்றிருந்தால் கோளாறு வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. டவுன்லோடு வேகத்தை வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பிரவுசர் காட்டுவது மெகாபைட், திட்டத்தில் சொல்வது மெகாபிட். 8-ஆல் பெருக்கிப் பாருங்கள். எந்த ஃபைலாக இருந்தாலும் 11, 12 மெகாபைட்டிலேயே நின்றால் அதுவும் இதே 100-தான்.

100-க்கு ஏன் இறங்குகிறது? லேன் கேபிளுக்குள் எட்டு வயர், நான்கு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். 1000-க்கு நீலம், பழுப்பு உட்பட நான்கு ஜோடியும் வேண்டும். நீலத்தில் ஒரே ஒரு வயர் அறுந்தாலும் நெட் நிற்காது. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டும் மோடமும் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வந்துகொண்டே இருப்பதால்தான் கேபிள் மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சில கார்டுகளில் அப்படி இறங்காமல், இணைப்பு வருவதும் போவதுமாக இருக்கும். அதற்கும் இதே காரணம் இருக்கலாம்.

முதல் சோதனை: நல்ல, குட்டையான ஒரு கேபிளை வாங்கி, டெஸ்க்டாப்பை மோடம் இருக்கும் இடத்துக்கே தூக்கிக்கொண்டு போய் நேராகச் செருகுங்கள். 1000 வந்துவிட்டால் குற்றவாளி பழைய கேபிள், இல்லை நடுவில் இருந்த நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லைனைப் பல கம்ப்யூட்டருக்குப் பிரிக்கும் பெட்டி). அப்போதும் 100 என்றால் மோடத்தின் வேறு போர்ட்டில் மாற்றிப் பாருங்கள். நிறைய ஃபைபர் மோடங்களில் நான்கு லேன் போர்ட் இருந்தாலும் ஒன்று மட்டும்தான் கிகாபிட், அதாவது 1000; மற்றவை 100. கிகாபிட் போர்ட்டுக்குப் பக்கத்தில் ஜிஈ என்றோ, மற்றதற்கு எஃப்ஈ என்றோ எழுதியிருக்கும்; சிலவற்றில் நிறம் வேறாக இருக்கும். நடுவில் பழைய எட்டு போர்ட் ஸ்விட்ச் ஏதாவது இருந்தால் அதன் அடியில் 10/100 என்று மட்டும் போட்டிருக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. யூஎஸ்பி லேன் அடாப்டர்களிலும் மலிவானவை பல 100-க்கு மேல் போகாதவை.

இப்போது கேபிள். வேலூர் பக்கம் இதுதான் பெரிய விஷயம். காட்பாடி, சத்துவாச்சாரி பக்கத்து மாடி வீடுகளில் மோடம் கீழே ஹாலில் இருக்கும், கம்ப்யூட்டர் மேல் போர்ஷனில் இருக்கும். கேபிள் ஜன்னல் வழியாக வெளியே வந்து, மொட்டை மாடியில் வெயிலில் கிடந்து, இன்னொரு ஜன்னலில் நுழையும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற பிவிசி கேபிள் இந்த வெயிலுக்கு ஆனதல்ல. நாளாக ஆக மேல் உறை வெளுத்து, மடக்கினால் வெடிக்கும். மழைக்காலத்தில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். சூடு ஏற ஏறக் கேபிளுக்குள் சிக்னல் இழப்பும் கூடும். கேபிளுக்குச் சொல்லும் 100 மீட்டர் கணக்கு சாதாரண அறைச் சூட்டுக்குத்தான். கத்திரி வெயிலில் தளத்தோடு ஒட்டிக் கிடக்கும் கேபிளுக்குப் பொருந்தாது. ராத்திரி 1000, மத்தியானம் 100 என்று மாறி மாறிக் காட்டினால் மாடிக்குப் போய்க் கேபிளைக் கையால் தடவிப் பாருங்கள்.

மாற்றுவதானால் வெளியே போகும் பகுதிக்குக் கறுப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள் கேளுங்கள். கேபிள் தரத்தில் கேட் 5இ போதும், கேட் 6 இன்னும் நல்லது. அதற்கு மேல் வீட்டுக்குத் தேவையே இல்லை. முக்கியமாகக் கேட்க வேண்டியது: முழுத் தாமிரமா, இல்லை அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியதா? கடையிலேயே ஒரு வயரின் நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம், வாங்காதீர்கள். நாலு தடவை மடக்கினால் ஒடியும், க்ரிம்ப் செய்த, அதாவது முனையில் பிளாஸ்டிக் க்ளிப் அடித்த இடத்தில் நாளடைவில் பிடி தளரும்.

ஜன்னலில் நுழையும் முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றி உள்ளே விடுங்கள். மழைத் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். கரண்ட் வயர் போகும் அதே பைப்பில் லேன் கேபிளை நுழைக்கவே கூடாது. வேகம் கெடுவது இருக்கட்டும், 230 வோல்ட் வயரின் உறை உரிந்தால் உயிருக்கே ஆபத்து. அறுந்த இடத்தை முறுக்கி டேப் சுற்றும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில் ஜோடிகளின் முறுக்கு கலைந்துவிடுகிறது, முறுக்குதான் குறுக்கீட்டைத் தடுப்பது. மொத்தமாகக் கேபிளை மாற்றுங்கள்.

க்ரிம்பிங்கில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. க்ளிப்பின் கொக்கி கீழே, தங்க நிறப் பின்கள் மேலே இருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாக வரிசை இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பச்சை ஜோடி 3-லும் 6-லும் பிரிந்து போவதைக் கவனியுங்கள். இது தெரியாமல் ஜோடி ஜோடியாக வரிசையில் அடுக்கி, இரண்டு முனையிலும் அதேபோல் அடித்துவிடுபவர்கள் உண்டு. லேன் டெஸ்டரில் எட்டு விளக்கும் ஒழுங்காக எரியும். நெட் மட்டும் திணறும். வயர் தொடர்கிறதா என்று மட்டும்தான் அந்த டெஸ்டர் பார்க்கும், எந்த வயரோடு எது முறுக்கியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. எனவே டெஸ்டரை நம்பி நின்றுவிடாமல் க்ளிப்பை வெளிச்சத்தில் பிடித்து நிறங்களை எண்ணுங்கள். முறுக்கு ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் பிரியக்கூடாது, மேல் உறையும் க்ளிப்புக்குள் நுழைந்திருக்க வேண்டும்.

கோடை இடி மழைக்குப் பிறகு திடீரென்று வேகம் போயிருந்தால் போர்ட்டே அடிவாங்கியிருக்கலாம். மொட்டை மாடியில் நீளமாகக் கிடக்கும் தாமிரக் கேபிளில் மின்னலின் அலை ஏறி, கார்டையோ மோடத்தின் ஒரு போர்ட்டையோ பாதி உயிரோடு விட்டுவிடும். அடுத்த போர்ட்டில் சரியாக வந்தால் அதிலேயே விடலாம். கம்ப்யூட்டர் பக்கம் என்றால் ஸ்லாட்டில் ஒரு கிகாபிட் கார்டு போட்டால் போதும், மதர்போர்டை மாற்றச் சொன்னால் கேட்காதீர்கள். முடிந்தால் ஃபைபர் மோடத்தையே கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. அந்த வயரோடு தாங்கலுக்கு இரும்புக் கம்பி வந்தால் அதை வெளிச்சுவரோடு வெட்டி நிறுத்தச் சொல்லுங்கள்.

லிங்க் 1000 காட்டியும் வேகம் இல்லையென்றால் வழி வேறு. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து ரூட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, நூறு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் செய்தி) அனுப்புங்கள். கேபிளில் ஒரு மில்லிசெகண்டுக்குள் பதில் வர வேண்டும், ஒன்றுகூடத் தொலையக்கூடாது. தொலைந்தால் மறுபடி கேபிள், க்ளிப் பக்கமே பாருங்கள்.

கேபிளும் போர்ட்டும் சரியாக இருந்தும் லிங்க் 100-லேயே நின்று, பெரிய ஃபைலும் ஊர்ந்தால், டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் 'ஸ்பீடு அண்ட் டூப்ளெக்ஸ்' என்ன என்று பாருங்கள். யாராவது '100 ஃபுல்' என்று கட்டாயமாக வைத்திருந்தால் எதிர்முனை பாதி டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் அனுப்பும் முறைக்கு) போய், இரண்டும் மோதிக்கொண்டே இருக்கும். 'ஆட்டோ நெகோஷியேஷன்' என்று விடுங்கள். கிகாபிட் வேண்டுமானால் அது இல்லாமல் முடியாது. இணைப்பு அடிக்கடி விட்டுவிட்டு வந்தால் அதே பக்கத்தில் 'எனர்ஜி எஃபிஷியன்ட் ஈத்தர்நெட்', 'கிரீன் ஈத்தர்நெட்' இரண்டையும் அணைத்துப் பாருங்கள்.

லிங்க் 1000 இருந்து பிங்கும் சுத்தமாக இருந்தால், ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து யார் இழுக்கிறார்கள் என்று பாருங்கள். விண்டோஸ் அப்டேட், கேம் லாஞ்சர், ஒன்டிரைவ் மூன்றும் வழக்கமான ஆட்கள். விபிஎன் இருந்தால் அணைத்துவிட்டு ஒருமுறை டெஸ்ட் எடுங்கள். தளத்தின் பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றினால் டவுன்லோடு வேகம் கூடும் என்று சொல்வார்கள். பக்கம் திறக்க ஆரம்பிப்பது சற்று விரைவாகலாம், பெரிய ஃபைல் இறங்கும் வேகம் பொதுவாக மாறாது.

இவ்வளவும் சரியாக இருந்து, ராத்திரி 8 மணிக்கு மேல் மட்டும் மெதுவானால் அது கம்பெனி பக்கத்து நெரிசல். மாதக் கடைசியில் மட்டும் என்றால் திட்டத்தின் டேட்டா வரம்பு தீர்ந்திருக்கிறதா பாருங்கள். புகார் கொடுக்கும்போது லிங்க் ஸ்பீடு, ரூட்டருக்கான பிங், கேபிளில் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் மூன்றையும் நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள். 'ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற பேச்சைத் தாண்டி லைன்மேனை வரவழைக்க அது போதும்.