அமெரிக்கப் பள்ளியின் உடை விதியை எதிர்த்து முறையிடுவது எப்படி

அமெரிக்க அரசுப் பள்ளி ஒன்றில், சட்டையிலுள்ள வாசகத்துக்காகவோ கைப்பட்டைக்காகவோ உங்கள் பிள்ளை தண்டிக்கப்பட்டால், மாணவர் கையேட்டிலுள்ள உடை விதியை வரிவரியாகப் படித்து, எந்த விதி மீறப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். (கருத்துச் சுதந்திரத்தைக் காக்கும், அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் தனியார் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது.)

1965 டிசம்பரில், அயோவா மாநிலத்தின் டெ மொய்ன் நகரில், வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை அணிந்து வந்ததற்காக மாணவர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவ்வழக்கில், கல்விப் பணிக்குக் கணிசமான இடையூறு நேர்ந்தது அல்லது நேருமென நம்பத் தக்க காரணம் உண்டு என்று பள்ளி காட்டினாலன்றி, அமைதியான கருத்து வெளிப்பாட்டைத் தடுக்க இயலாது என உச்ச நீதிமன்றம் 1969இல், 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஆகவே, வகுப்பு எவ்வாறு குலைந்தது என்ற கேள்வியையே முறையீட்டின் மையமாக வையுங்கள். இதைவிட வலுவான கேள்வி வேறில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆபாசச் சொற்களுக்கு இப்பாதுகாப்பு கிடையாது.

கறுப்பின மாணவரின் பின்னல் முடிக்குத் தடையெனில், முடியின் தன்மை, அலங்காரம் காரணமாகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க கலிபோர்னியா 2019இல் முதலில் இயற்றிய கிரௌன் சட்டம் போன்றது உங்கள் மாநிலத்திலும் உள்ளதா என விசாரியுங்கள்.

முறையீட்டைப் பள்ளி முதல்வருக்கும், அவர் மறுத்தால் மாவட்டக் கல்விக் குழுவுக்கும் கடிதமாக அனுப்பி, நகலைப் பத்திரப்படுத்துங்கள்.