குவாரன்டைனுக்குப் போன ஃபைலை மீட்பது எப்படி?

டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் போன வாரம் கூப்பிட்டார். "தம்பி, தமிழ் டைப் பண்ற சாஃப்ட்வேரைக் காணோம். ஆன்டிவைரஸ் அழிச்சிடுச்சு." அழிக்கவில்லை, பூட்டித்தான் வைத்திருந்தது. அந்தப் பூட்டிய இடம்தான் குவாரன்டைன்.

வைரஸ் என்று சந்தேகப்பட்டால், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் அந்த ஃபைலை இருந்த இடத்திலிருந்து எடுத்து, என்கிரிப்ட் செய்து (படிக்க முடியாதபடி மாற்றி), வேறு பெயரில் தன் குவாரன்டைன் ஃபோல்டரில் போட்டுவிடும். உள்ளே பார்த்தால் எழுத்தும் எண்ணும் கலந்த நீளப் பெயர்கள்தான் இருக்கும், கடைசியில் எக்ஸ்இ கிடையாது. டபுள் கிளிக் செய்தாலும் ஓடாது. உடனே அழிக்காததற்குக் காரணம், கணிப்பு தப்பலாம். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபியின் ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற சிஸ்டம் ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. பல கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன.

தமிழ் டைப்பிங் கருவிகள் மாட்டுவதற்கும் காரணம் உண்டு. நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையையும் படித்தால்தான் அவை தமிழாக மாற்ற முடியும். பாஸ்வேர்டு திருடும் கீலாகரும் அதையேதான் செய்கிறது.

1. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்ஷன், அதில் புரொடக்ஷன் ஹிஸ்டரி. ஃபைல் எந்த ஃபோல்டரில் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 'ரிமூவ்' மட்டும் வேண்டாம், அதன்பின் மீட்க முடியாது.

2. அதே இன்ஸ்டாலரின் டவுன்லோடு லிங்கை, பல ஸ்கேனர்களைக் கொண்டு சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். ஒன்றிரண்டு ஸ்கேனர் மட்டும் சந்தேகப்பட்டால் தவறான எச்சரிக்கையாக இருக்கலாம். பல ஸ்கேனர்கள் ஒரே குரலில் சொன்னால் மீட்கவே வேண்டாம். கிராக் செய்த சாஃப்ட்வேர் என்றால் சோதிக்கக்கூடத் தேவையில்லை, விட்டுவிடுங்கள். சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள், அவை மற்றவர் கைக்கும் போகும்.

3. நான் அரைமணி நேரம் திணறியது இங்கேதான். ரெஸ்டோர் கொடுத்தேன், ஃபைல் வந்தது, அடுத்த நிமிடமே மறுபடி பிடிபட்டது. சரி, முதலில் எக்ஸ்குளூஷனில் (டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் பட்டியலில்) சேர்ப்போம் என்று போனால், ஃபைல் பூட்டில் இருப்பதால் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை! வழி இதுதான்: அதே வைரஸ் அண்ட் த்ரெட் புரொடக்ஷன் பக்கத்தில் மேனேஜ் செட்டிங்ஸ், எக்ஸ்குளூஷன்ஸ் போய், அந்தக் கருவியின் ஃபோல்டரை மட்டும் சேருங்கள். பிறகு ரெஸ்டோர் கொடுங்கள். ஃபைல் வந்ததும் அந்த ஒரு ஃபைலைத் தனியாகச் சேர்த்துவிட்டு, ஃபோல்டரை நீக்கிவிடுங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையோ சி டிரைவையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். உள்ளே இருக்கும் எல்லா ஃபோல்டருக்கும் அந்த விலக்கு பொருந்தும்.

வீட்டுக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. லினக்ஸில் கிளாம்ஏவி ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் 'ரிமூவ்' ஆப்ஷனை விட்டு 'மூவ்' பயன்படுத்துங்கள். ஆனால் அது ஃபைலை இடம் மாற்றுமே தவிர என்கிரிப்ட் செய்யாது.

பின்சேர்க்கை: ஹிஸ்டரியில் ஃபைலே காட்டவில்லை என்று இருவர் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் இரண்டு வாரப் பதிவுகள்தான் நிற்கும். ஃபைல் உள்ளேயே இருக்கலாம், வழக்கமான அமைப்பில் 90 நாள் கழித்துத்தான் அது தானாக அழியும். அட்மினாகத் திறந்த கமாண்ட் ப்ராம்ப்டில் டிஃபெண்டரின் எம்பிசிஎம்டிரன் கருவியை ரெஸ்டோர், லிஸ்ட்ஆல் ஆப்ஷன்களோடு (MpCmdRun.exe -Restore -ListAll) ஓட்டினால் பட்டியல் வரும்.