எவர்சில்வர் பட்டையில் பார் ஓப்பனர்: டர்பன் உப்புக்காற்றுக்குத் தாங்கும்படி

பாரில் பரிமாறுபவர்கள் பின்பாக்கெட்டில் செருகிவைக்கும் நீளத் தட்டைப் புட்டி ஓப்பனரை வீட்டிலேயே செய்துவிடலாம். கடையில் கிடைப்பவை பெரும்பாலும் மெல்லிய தகடு. பிராய் (தணலில் இறைச்சி சுடும் விருந்து) மேசையில் டம்பி (குட்டி பீர்ப் புட்டி) திறக்க 50 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள 304 ரக எவர்சில்வர் பட்டையில் 180 மி.மீ. துண்டு ஒன்று போதும். 2 மி.மீ. பட்டை வேண்டாம், மூடியை மாட்டும் துளையின் இருபுறமும் நாளடைவில் வளைந்துவிடும்.

பழைய இரும்புக் கடையில் வாங்கினால் காந்தம் கொண்டுபோங்கள். 304இல் அநேகமாக ஒட்டாது. பளிச்சென்று ஒட்டினால் அது காந்தம் ஒட்டும் 430 ரக எவர்சில்வராகவோ வெறும் இரும்பாகவோ இருக்கும். கடலுக்கு எதிரிலேயே வீடு என்றால், டர்பன் பக்கத்து ப்ளஃப், உம்லோட்டி மாதிரி, விலை கூடினாலும் உப்பை இன்னும் தாங்கும் 316 ரகம் வாங்குவதுதான் நல்லது.

வில்லியம் பெயின்டர் 1892இல் காப்புரிமை பெற்ற சோடா மூடிக்கு அன்று 24 பல், இன்று 21. விளிம்பு விட்டம் சுமார் 32 மி.மீ. துளையின் அளவு இதிலிருந்துதான் வருகிறது. நுனியிலிருந்து 12 மி.மீ. தள்ளி 32 அகலம், 25 நீளத்தில் செவ்வகம் கீறுங்கள். கைப்பிடிப் பக்கச் சுவரின் நடுவில் 10 அகலம், 5 நீளத்துக்கு ஒரு பல்லை விட்டுவையுங்கள். பல்லின் முனைக்கும் எதிர் விளிம்புக்கும் இடைவெளி 20 மி.மீ. எதிர் விளிம்பு மூடியின் தலையில் ஊன்றும், பல் அடியில் கொக்கிபோல் மாட்டும், கைப்பிடியை மேலே தூக்கினால் மூடி கழன்றுவிடும்.

செவ்வகத்தின் நான்கு மூலையிலும் 8 மி.மீ. துளை. முதலில் சென்டர் பஞ்ச்சால் (கூர்முனைக் கருவி) புள்ளிக் குழி, பிறகு 3 மி.மீ. பிட், அப்புறம் 8. கோபால்ட் பிட்தான் வேண்டும். வேகம் குறைவு, அழுத்தம் அதிகம், துளையில் எப்போதும் கட்டிங் ஆயில். எவர்சில்வரின் குணம் இது: பிட் வெட்டாமல் உரசினால் அந்த இடம் இறுகிப்போகும், பிட் நீலமாகும், அதன்பின் எதுவும் இறங்காது. அப்படி ஆனால் புதுப் பிட்டோடு மறுபக்கத்திலிருந்து துளையுங்கள். பட்டையைக் கையால் பிடிக்கவே கூடாது. பிட் சிக்கினால் அது கத்தியாய்ச் சுழலும். துளைக்கும்போது துணிக் கையுறையும் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

மூலைகளுக்கு நடுவே அங்குலத்துக்கு 24 பல் உள்ள பைமெட்டல் பிளேடு போட்ட ஜிக்சாவால் மெதுவாக அறுங்கள். ஜிக்சா இல்லையென்றால் 4 மி.மீ. துளைகளை 5 மி.மீ.க்கு ஒன்றாக வரிசையாகப் போட்டு, நடுவில் மிஞ்சுவதை உளியால் தட்டி எடுக்கலாம். மீதி அரம்தான். இந்தக் கட்டத்துக்கு மின்வெட்டு தடையில்லை.

பல்லுக்குத்தான் நேரம் கொடுக்க வேண்டும். இரு முகத்தையும் சாய்த்து முனையை 1.5 மி.மீ. கனத்துக்கு அராவி, கூர்மையை மழுக்குங்கள், இல்லையேல் கண்ணாடிக் கழுத்து சிதறும். சிதறியதென்று சந்தேகம் வந்தாலே அந்தப் பானத்தைக் கொட்டிவிடுங்கள். நிஜப் புட்டியில் வைத்துப் பாருங்கள். பல் உள்ளே போகவில்லையென்றால் எதிர் விளிம்பை அரை மி.மீ. அரை மி.மீ.யாக அராவுங்கள். அராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிசிறு எடுத்து, 120, 240, 400 என்று உப்புத்தாள் போடுங்கள். வெளி விளிம்பைக் கிரைண்டரால் உருட்டுவதாக இருந்தால் எவர்சில்வருக்கென்றே உள்ள டிஸ்க்கைப் பயன்படுத்துங்கள். வாயிற்கதவு இரும்பை அறுத்த டிஸ்க்கையே இதிலும் ஓட்டினால் இரும்புத் துகள் பதியும். சில நாளில் செம்புள்ளி வரும், பழி எவர்சில்வர் மேல் விழும். சூட்டில் நீலம் பாய்ந்த இடத்தையும் தேய்த்து எடுத்துவிடுங்கள், அங்கே துருத் தடுப்பு குறைவு.

கடைசியாக, துருத் தடுப்புக்காக, சோப்பால் எண்ணெய் போகக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து 50 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் ஊறவிடுங்கள். நன்றாக அலசித் துடைத்து உலர்த்துங்கள். பிளீச் கலந்த தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், குளோரைடு குழிகுழியாக அரித்துவிடும்.