வெளிநாட்டில் வங்கி அட்டை: காசு ஒழுகும் இடங்கள்

திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அக்காவின் கண் சத்திரசிகிச்சைக்குக் காசு கட்ட நிற்கிறேன். பில் 30,000 இந்திய ரூபா. அட்டையைச் செருகிய பிள்ளை மெஷினை என் பக்கம் திருப்பி, "சார், ஸ்ரீலங்கா ரூபாயா, இந்தியன் ரூபாயா?" என்று கேட்டாள். திரையில் இரண்டு தொகையும் கிடந்தன. பின்னால் நீண்ட வரிசை. எங்கள் காசில் எவ்வளவு என்று தெரிவது நல்லதுதானே என்று இலங்கை ரூபாவை அமத்தினேன்.

அன்றைக்கு ஒரு இந்திய ரூபா ஏறக்குறைய 3.50 இலங்கை ரூபா. அந்தக் கணக்குப்படி 105,000 போயிருக்க வேண்டும். மெஷின் போட்ட வீதம் 3.72. போனது 111,600. ஒரு பொத்தானை மாற்றி அமத்தியதற்கு 6,600 ரூபா. எங்கள் பக்கத்தில் ஒருவர் இரண்டு நாள் வெயிலில் நின்றுதான் அந்தக் காசை உழைக்கிறார்.

இதற்கு டைனமிக் கரன்சி கொன்வெர்ஷன் என்று பெயர். மெஷின் தரும் பில் துண்டில் சிலவேளை டி.சி.சி. என்று அடித்திருக்கும். உள்ளூர்க் காசை அமத்தினால், மாற்று வீதத்தை உங்கள் அட்டையில் பெயர் போட்டிருக்கும் வீசாவோ மாஸ்டர்காட்டோ போடும். உங்கள் வங்கி அதற்கு மேல் தன் கட்டணத்தைச் சேர்க்கும். "உங்கள் நாட்டுக் காசு" என்பதை அமத்தினால், கடைக்கு அந்த மெஷினைக் கொடுத்தவர்கள் தங்கள் வீதத்தைப் போடுகிறார்கள். அவர்களுடைய இலாபம் அதற்குள்ளேயே இருக்கும், கடைக்கும் ஒரு பங்கு போகலாம். இவ்வளவுக்குப் பிறகும் பல வங்கிகள் "வெளிநாட்டுக் கொடுக்கல் வாங்கல்" என்று தம் கட்டணத்தைத் தனியாக எடுக்கும். ஆகவே திருச்சியில் இந்திய ரூபா, ரொறன்ரோவில் கனேடிய டொலர், பாரிஸில் யூரோ, சூரிச்சில் பிராங். நிற்கிற மண்ணின் காசையே அமத்துங்கள். காசாளர் கேட்காமலே அமத்திவிட்டால், துண்டில் கையெழுத்து வைக்க முன் "இதை ரத்துச் செய்து திரும்ப அடியுங்கள்" என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

வயல் செய்பவர்களுக்கு இது உடனே விளங்கும். இரணைமடுவிலிருந்து வாய்க்காலில் வருகிற தண்ணீர் வயலுக்குள் நிறைந்து நிற்கும். விடியப் பார்த்தால் பாதி இல்லை. வரம்பு எங்கும் உடைந்திருக்காது. குனிந்து தேடினால் அடியில் பெருவிரல் அளவில் ஒரு நண்டு வளை. அட்டையில் போகிற காசும் அப்படியான வளைகளால்தான் போகிறது.

இப்போது பலாலியிலிருந்து நேரே சென்னைக்குப் பறக்கலாம். காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்கும் இடையில் 2023 ஒக்டோபரில் கப்பல் ஓடத் தொடங்கியது. கொழும்பைத் தொடாமலே இந்தியா போகலாம் என்பதால் வைத்தியத்துக்கும் கோயிலுக்கும் முதல்முறை வெளிக்கிடுகிறவர்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் செய்கிற பிழை வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. கிளிநொச்சியில் நாளாந்தம் காசு எடுக்கிற அட்டை எங்கேயும் வேலை செய்யும் என்று நம்பிப் போகிறார்கள். பாதுகாப்புக்காக வெளிநாட்டுப் பாவனையைப் பூட்டி வைத்திருக்கும் அட்டைகள் நிறைய. வங்கிக்குச் சொல்லியோ அப்பிலோ அதைத் திறக்க வேண்டும். போகிற நாடு, போகிற திகதி, திரும்புகிற திகதி எல்லாவற்றையும் சொல்லுங்கள். கையோடு மூன்று கேள்வி கேளுங்கள்: வெளிநாட்டு ஏரிஎம்மில் ஒரு தடவை எடுக்க எவ்வளவு அறவிடுவீர்கள், கடையில் செலுத்தினால் கட்டணம் எத்தனை சதவீதம், நாளொன்றுக்கு எல்லை எவ்வளவு. மறுமொழியைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, போன். அட்டையால் இணையத்தில் காசு கட்டினால் ஓரிபி எண், அதாவது ஒருமுறை மட்டும் பாவிக்கும் இரகசிய எண், இலங்கை சிம்முக்குத்தான் வரும். விசுவமடுவிலிருந்து மகளிடம் ரொறன்ரோ போன ஒரு அம்மா, சிம்மை மகனின் போனில் போட்டுவிட்டுப் போனார். அங்கே ஒரு டிக்கெட்டுக்குக் காசு கட்டும்போது இங்கே அதிகாலை மூன்று மணி. மகன் நித்திரை. ஓரிபி வந்து, காலம் கடந்து, செத்துப்போனது. மூன்று தரம் முயன்றதும் வங்கி அட்டையை முடக்கிவிட்டது. ஓரிபியை வாட்ஸ்அப்பில் ஆளுக்கு ஆள் அனுப்பிப் பழகுவது ஆபத்தும்கூட. மோசடிக்காரர் கேட்பதும் அதையேதான். சிம்மைக் கையில் கொண்டுபோங்கள். வெளிக்கிட முன்னமே ரோமிங்கை (வெளிநாட்டிலும் சிம் வேலை செய்யும் வசதி) திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்திவையுங்கள். வங்கியின் நான்கு இலக்கக் குறுகிய எண்கள் வெளிநாட்டிலிருந்து எடுபடாது. 94 இல் தொடங்கும் முழு எண்ணைத் தாளில் எழுதி அட்டையில்லாத வேறு பையில் வையுங்கள்.

ஏரிஎம்முக்கு வருவோம். எங்கள் ஆட்களுக்குக் கையில் கூடுதலாகக் காசு வைத்திருக்கப் பயம், அது நியாயமான பயம். அதனால் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பார்கள். வெளிநாட்டில் அந்தப் பழக்கம் நட்டம். உங்கள் வங்கி தடவைக்கு 500 இலங்கை ரூபா எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 இந்திய ரூபா வீதம் ஐந்து தரம் எடுத்தால் கட்டணம் மட்டும் 2,500. அதே 10,000ஐ ஒரே தரம் எடுத்தால் 500. (இந்தியாவில் பல ஏரிஎம்கள் ஒரு தடவைக்கு 10,000க்கு மேல் கொடுக்காது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை எடுப்பது கணக்காக வரும்.) சில நாடுகளில் அந்த ஊர் வங்கியும் தன் பங்குக்கு அறவிடும். தாய்லாந்தில் வெளிநாட்டு அட்டைக்கு ஒரு தடவைக்கு 200 பாத்துக்கு மேல். எவ்வளவு என்று திரையில் காட்டிய பிறகுதான் சம்மதம் கேட்கும். பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று அமத்தி அட்டையை எடுக்கலாம். மீதி பார்ப்பதற்குக்கூடக் கட்டணம் எடுக்கும் வங்கிகள் உண்டு. மீதியை அப்பில் பாருங்கள். ஏரிஎம்மிலும் அதே "எந்த நாணயம்" கேள்வி வரும், சிலவேளை "மாற்று வீதத்தை ஏற்கிறீர்களா" என்று வேறு முகத்தோடு. அந்த மாற்றத்தை வேண்டாம் என்று சொன்னாலும் காசு வரும், பயப்படாதீர்கள்.

வங்கிக் கிளையோடு சேர்ந்த ஏரிஎம்மைத் தேடி, வங்கி திறந்திருக்கும் நேரத்தில் எடுங்கள். மெஷின் அட்டையை விழுங்கினால் உள்ளே போய்க் கேட்க ஆள் இருக்கும். விமான நிலையங்களிலும் சுற்றுலாத் தெருக்களிலும் வங்கிப் பெயரில்லாமல் நிற்கும் மெஷின்கள்தான் பெரும்பாலும் கூடுதலாக அறவிடுகின்றன.

கடனட்டையால் ஏரிஎம்மில் காசு எடுக்கவே வேண்டாம். கடையில் பொருள் வாங்கினால் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் காசுக்குக் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம். காசு எடுக்க டெபிட் அட்டை. பொருள் வாங்கவும் ஹோட்டலுக்கும் கடனட்டை. ஹோட்டலும் வாடகைக் காரும் ஒரு தொகையை முற்பணமாக மறித்து வைக்கும். டெபிட் அட்டையென்றால் உங்கள் சொந்தக் காசு நாட்கணக்கில் மறிபட்டுக் கிடக்கும். ஆஸ்பத்திரிக்குக் கட்ட வைத்த காசு அப்படி மறிபட்டால் என்ன பாடு என்று யோசியுங்கள்.

ஒரே அட்டையை நம்பியும் போகாதீர்கள். இரண்டு அட்டை, இரண்டு பை, அனுமதிபெற்ற நாணயமாற்றுநரிடம் மாற்றிய கொஞ்சக் காசு. தமிழ்நாட்டில் தேநீர்க் கடையிலும் கியூஆர் ஒட்டியிருக்கும். போனால் காசு கட்டும் இந்திய முறையான யூபிஐ 2024 பெப்ரவரியில் இலங்கையில் தொடங்கப்பட்டது, ஆனால் அது இந்திய வங்கிக் கணக்கு உள்ளவர்கள் இங்கே வந்து செலுத்துவதற்கானது. எங்கள் போனிலுள்ள அப் அங்கே எடுபடும் என்று நினைத்து வெறுங்கையோடு ஓட்டோவில் ஏறாதீர்கள்.

வெளியிலிருந்து ஊருக்கு வருகிற உறவுகளுக்கும் இதே கணக்குத்தான், திசை மட்டும் வேறு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு வருகிற பெறாமகன், கிளிநொச்சி மெஷின் "கனேடிய டொலரா" என்று கேட்டால் ஓம் என்று அமத்திவிடுவான், பழகிய காசு என்று. இலங்கை ரூபாவை அமத்தச் சொல்லுங்கள். வெளிநாட்டு அட்டைக்கு எடுக்கும் கட்டணம் இங்கேயும் வங்கிக்கு வங்கி வேறுபடும். பரந்தன் தாண்டி முல்லைத்தீவு வீதியில் இறங்குகிறவர் தேவையான காசை முன்னமே எடுத்துவைத்தால் நல்லது. நுங்கு விற்கிற ஆச்சியிடம் அட்டை நீட்ட முடியாது.

திரும்பி வந்ததும் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். செலவு கணக்கில் ஏறச் சில நாள் எடுக்கும், ஏறும்போது தொகையும் கொஞ்சம் மாறலாம். மாதக் கூற்று வந்ததும் துண்டையும் அதையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். ஒரே பில் இரண்டு தரம் ஏறியிருந்தாலோ, ஏரிஎம் காசு தராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தாலோ உடனே எழுத்தில் முறையிடுங்கள். முறைப்பாட்டுக்குக் காலக்கெடு உண்டு. பிறகு வங்கிக்கு அழைத்து வெளிநாட்டுப் பாவனையைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள்.