கண்ணைப் பறிக்கும் போர்டை யார் படிக்கிறார்கள்?

போன வாரம் கொடைக்கானல் ஏறும் வழியில் பெருமாள்மலை டீக்கடையில், புதிதாக ஃப்ளெக்ஸ் கடை போட்ட பையன் போனில் ஒரு டிசைனைக் காட்டினான். மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து, மூலையில் வெடித்துச் சிதறும் நட்சத்திரம். "வளைவு திரும்பும்போதே தெரியும்லண்ணா?" என்றான். தெரியும் தம்பி, அதனால்தான் பார்க்க மாட்டார்கள். எழுத்துப்பிழை, மங்கிய போட்டோ எல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். போர்டு செய்கிற நம்மைப் போன்றவர்கள் செய்யும் மற்ற தப்புகளைச் சொல்கிறேன்.

தேவையான தகவலுக்கு விளம்பர வேஷம் போடுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. வெள்ளி அருவிக்குக் கீழே ஒரு ஹோம்ஸ்டே. வண்டி திரும்ப வேண்டிய முக்கில், என் திறமையெல்லாம் கொட்டி பத்தடி ஃப்ளெக்ஸ் வைத்தேன். இந்தப் பக்கம் ஹோம்மேட் சாக்லேட், அந்தப் பக்கம் யூகலிப்டஸ் தைலம், மலைத்தேன். வத்தலக்குண்டிலிருந்து ஏறி வருகிறவர் இந்த மாதிரி எத்தனை போர்டைத் தாண்டியிருப்பார்! என்னுடையதையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டு, பனிமூட்டத்தில் கொடைக்கானல் வரைக்கும் போய், "சார், வழி எங்கே?" என்று போன் அடித்தார்கள். ஓனர் மீதிப் பணத்தைத் தரவில்லை. கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

வெப்சைட்டிலும் இதே கதைதான். 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்தின் பேனர், அதாவது பட்டை விளம்பரம், வந்தபோது, பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் கிளிக் செய்ததாகச் சொல்வார்கள். புதுசு இல்லையா! 1998-இல் பென்வே, லேன் என்ற இருவர் சோதித்தபோது நிலைமை வேறு. தேடச் சொன்ன தகவலே பேனர் போன்ற பெரிய பட்டையில் இருந்தும் பலர் அதைத் தவறவிட்டார்கள். 'பேனர் குருட்டுத்தன்மை' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். விளம்பரம் என்று கண்ணுக்குப் பட்டுவிட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று மனசு பார்ப்பதே இல்லை.

பிறகு என் செலவில் மாற்றினேன். வெள்ளைத் தகரம், கறுப்பு எழுத்து, பெயர், ஒரு அம்புக்குறி. என் தொழிலுக்கே அவமானம் மாதிரி இருந்தது. வழி கேட்கும் போன் குறைந்தது.

எல்லா வரியையும் பெரிதாக்குவது

பத்துப் பேர் சேர்ந்து கத்தினால் சந்தை இரைச்சல்தான்.

மின்னும் எல்இடி

பனியில் வெறும் வெளிச்சம்தான் தெரியும்.

வருஷக்கணக்கில் அதே போர்டு

உள்ளூர்க்காரருக்கு அது மரம் மாதிரி ஆகிவிடும். சீசன் தேதி மாறியதை அதே நிறத்தில், அதே இடத்தில் ஒட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியாது. இடத்தை மாற்றுங்கள்.

பையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். "நட்சத்திரத்தை மட்டும் வச்சுக்கவாண்ணா?" என்றான்.