அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலம்: விடைத்தாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போட்டித் தேர்வு மாணவர்களுக்கு உலக வரலாறு நடத்துகிறேன். அமெரிக்க விடுதலையிலிருந்து 1840 வரையிலான பகுதி வந்தால், நாங்கள் படித்த காலத்தில் எழுதித்தள்ளிய அதே வரிகள் இன்றும் விடைத்தாள்களில் வருகின்றன. ஆண்டு மாறுவது, பெயர் பிசகுவது எல்லாம் தானே சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். கீழே தலைப்புகளாக இருப்பவை பெரும்பாலும் நான் திருத்த விரும்பும் வரிகள்.

கட்சிப் பெயர்

மூன்றாவது அதிபர் ஜெஃபர்சனின் ரிபப்ளிக்கன் கட்சி வேறு, 1854-ல் பிறந்து இன்றும் இருக்கும் ரிபப்ளிக்கன் கட்சி வேறு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

ஹாமில்டன் என்றால் ஆலை, ஜெஃபர்சன் என்றால் ஏர்

பாதிதான் உண்மை. 1791 டிசம்பரில் கருவூலச் செயலர் ஹாமில்டன் கொடுத்த தொழில் அறிக்கை கேட்ட மானியங்களுக்கு காங்கிரஸ் இசையவில்லை. உழவர்களைக் கொண்டாடிய ஜெஃபர்சனோ, 1807-ல் அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாட்டு வணிகத்துக்குப் போவதையே தடுத்தார். கடலில் முடங்கிய பணம் நியூ இங்கிலாந்தின் நூற்பாலைகளுக்குத் திரும்பியது. ஆலைகளுக்கு அவர் செய்த உதவி, அவர் நினைத்துச் செய்ததல்ல.

வடக்கு ஒரு கட்டம், தெற்கு ஒரு கட்டம்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. தாளின் நடுவே ஸ்கேல் வைத்து ஒரு கோடு. இந்தப் பக்கம் ஆலை, கால்வாய், வங்கி, முன்னேற்றம். அந்தப் பக்கம் பருத்தி, அடிமை முறை, தேக்கம். அப்படி எழுதிய ஒரு மாணவியிடம், “மாசசூசெட்ஸின் லோவெல் நகரத்து நெசவாலை எந்தப் பக்கம்?” என்று கேட்டேன்.

“வடக்கு, சார்.”

“அங்கே நூற்ற பஞ்சு?”

“தெற்கிலிருந்து வந்தது.”

“சரி, அங்கே நெய்த முரட்டுத் துணியை யாருக்கு வாங்கினார்கள்?”

பதில் இல்லை. தோட்ட முதலாளிகள் தங்கள் அடிமைகளுக்கு உடுத்த அதை வாங்கினார்கள். நடுவே போட்ட கோட்டை அழித்துவிட்டுத்தான் அந்தப் பெண் மறுபடி எழுதினாள்.

தெற்கு தேங்கி நிற்கவில்லை. 1793-ல் விட்னியின் ஜின் எந்திரம் வந்ததும் பருத்தியில் கொட்டை பிரிப்பது எளிதானது. சாகுபடி மேற்கே ஓடியது. 1808-ல் வெளிநாட்டிலிருந்து அடிமைகளைக் கொண்டுவருவது தடையானது. ஆனால் வர்ஜீனியாவிலும் மேரிலாந்திலும் பிள்ளையையும் தாயையும் பிரித்து, மிசிசிப்பிக்கும் லூசியானாவுக்கும் விற்பது பெருகியது. 1790-ல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகள் 1860-ல் ஏறக்குறைய 40 லட்சம்.

வங்கியை வடக்கோடு நிறுத்துவது இன்னும் மோசம். லூசியானாவில் தோட்ட முதலாளிகள் சேர்ந்து தொடங்கிய ஒரு வங்கி, நிலத்தையும் அடிமைகளையும் அடமானமாக ஏற்றது. அதன் கடன் பத்திரங்களுக்கு மாநில அரசு உத்தரவாதம் தந்தது. லண்டனின் பேரிங் வங்கி நிறுவனம் அவற்றை ஐரோப்பாவில் விற்றது. லண்டனில் ஒருவர் வட்டி வாங்கினார். அவருடைய பணத்துக்கு ஈடாக நின்றவர் லூசியானாவில் வெயிலில் வேலை செய்துகொண்டிருந்தார்.

இது தெரியாவிட்டால் அரசியலும் புரியாது. 1830-ன் பூர்வகுடி வெளியேற்றச் சட்டத்தை அப்போதைய அதிபர் ஜாக்சனின் குணம் என்று எழுதிவிட்டுப் போவீர்கள். சோக்டா, சிக்கசா என்ற பூர்வகுடி மக்களின் நிலம் பருத்தி நிலமானது விடுபடும். 1837 நிதி நெருக்கடிக்கு ஜாக்சனின் வங்கிப் போர், அதாவது தேசிய வங்கியை ஒழிக்க அவர் நடத்திய மோதல், மட்டுமே காரணம் என்பீர்கள். அதற்கு முந்தைய ஆண்டே பேங்க் ஆஃப் இங்கிலாந்து வட்டியை உயர்த்தியிருந்தது, அப்புறம் பருத்தி விலை சரிந்தது. நியூ ஆர்லியன்ஸில் பருத்தி வணிக நிறுவனம் ஒன்று விழ, அதற்குக் கடன் தந்த நியூயார்க் நிறுவனமும் கூடவே விழுந்தது. மே மாதம் நியூயார்க் வங்கிகள் நோட்டுக்குப் பொன், வெள்ளி தருவதை நிறுத்தின. நடுவில் கோடு போட்டவர் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

ஈரி கால்வாயை வெட்டியது மத்திய அரசு

இல்லை, ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைத்த அந்தக் கால்வாயை வெட்டியது நியூயார்க் மாநிலம். சாலை, கால்வாய்களுக்கு மத்தியப் பணம் தரும் மசோதாவை 1817-ல் அதிபர் மேடிசன் வீட்டோ செய்து தடுத்தார்.

எல்லாருக்கும் வாக்குரிமை

நியூயார்க் மாநிலத்தின் 1821 அரசியல் சாசனம் வெள்ளை ஆண்களுக்குச் சொத்துத் தகுதியை எடுத்தது. கறுப்பின ஆண்களுக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. நியூஜெர்சியில் சொத்துள்ள பெண்களுக்கு இருந்த வாக்கு 1807-ல் பறிபோனது. ஆகவே “எல்லாருக்கும்” என்று எழுதக் கை போனால் அடித்துவிட்டு, “வெள்ளை ஆண்களுக்கு” என்று எழுதுங்கள்.